விரலைத் திட்டுவதற்கு முன் ஸ்கேலை எடுங்கள்: புதிதாகக் கிட்டார் பழகுவோருக்குக் கம்பி இடைவெளி பற்றி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டு மாடியில் நடக்கும் மாலை வகுப்புக்கு, லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் வந்து சேர்ந்தார். வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். மகளுக்கு வாங்கிக் கொடுத்த கிட்டார் மூலையில் சும்மா கிடக்கிறதே என்று தானே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மூன்றாவது வாரம் சட்டைப் பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்துத் தன் நடுவிரல் நுனியை அளந்து காட்டினார்.

"பத்தொம்பது மில்லி மாஸ்டர். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல ஏழுதான் இருக்கு. பன்னெண்டு மில்லி இடிக்குது. இந்த வெரல வச்சிக்கிட்டு நான் எங்க வாசிக்கிறது?"

கழித்தல் கணக்கில் பிழையில்லை. நான் என் விரலை நீட்டினேன். பதினாறரை. அன்று கூட வந்திருந்த மகளின் சுண்டுவிரலையும் அளக்கச் சொன்னேன். பதினொன்று. "அப்ப பாப்பாவுக்கும் இடிக்கத்தானே செய்யுது அண்ணே?" என்றேன். வெர்னியரை ஒரு தடவை திறந்து மூடினார், பதில் சொல்லவில்லை.

கம்பி இடைவெளியைவிட ஒல்லியான விரல் எந்த மனிதருக்கும் கிடையாது. வாசிக்கும்போது விரல் படுப்பதில்லை, நிற்கிறது. நகத்தையொட்டிய நுனிச் சதைதான் கம்பியைத் தொடும். பக்கத்துக் கம்பி, விரல் வளைவுக்கு அடியில் தப்பித்துக்கொள்ளும். மழைநாளில் சேற்றுத் தெருவைக் குதிகால் ஊன்றாமல் முன்னங்காலில் தாண்டுவோமே, அதே வித்தைதான்.

அதற்காக இடைவெளி ஒரு பொருட்டே இல்லை என்று சொல்ல வரவில்லை. அண்ணனுடைய கிட்டாரில் உண்மையாகவே இரண்டு கோளாறுகள் இருந்தன. இரண்டுக்கும் அவர் விரல் பொறுப்பில்லை. அவற்றை எப்படிக் கண்டுபிடித்தோமோ அதே வரிசையில் இங்கே சொல்கிறேன். உங்களுக்குத் தேவை ஒரு 15 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல், மொபைல் கேமரா, ஒரு கேப்போ (எல்லாக் கம்பிகளையும் குறுக்கே அழுத்திப் பிடிக்கும் கவ்வி), அரை மணி நேரம். வெர்னியர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது.

முதலில், எந்த இடைவெளி?

கிட்டார் கம்பிகள் ரயில் தண்டவாளம் மாதிரி ஓடுவதில்லை, தலைப் பக்கம் நெருங்கி அடிப் பக்கம் விரிகின்றன. தலைக்குக் கீழே, கம்பிகள் காடியில் (வெட்டிய சின்னப் பள்ளத்தில்) உட்கார்ந்திருக்கும் சின்னப் பட்டைக்குப் பெயர் நட். அடியில், உடம்பில் ஒட்டியிருக்கும் கட்டை பிரிட்ஜ், அதன்மேல் கம்பி தாங்கி நிற்கும் வெள்ளைத் துண்டு சாடில். இடது கைக்கு நட் பக்கத்து இடைவெளி முக்கியம், வலது கைக்கு சாடில் பக்கத்து இடைவெளி முக்கியம். இடக்கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளவும்.

கடைக்காரர்கள் சொல்வது "நட் அகலம்". அது பட்டையின் முழு அகலம். நம் விரலுக்கு வேண்டியதோ ஆறாவது கம்பியின் (தடித்தது) நடுவிலிருந்து முதல் கம்பியின் (மெல்லியது) நடு வரை உள்ள தூரம். இந்த இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொள்வதால்தான் பாதிக் குழப்பம். ஒரே 43 மி.மீ. நட்டில் ஒருவர் கம்பிகளை 37 மி.மீ.க்குப் பரப்பி வெட்டலாம், இன்னொருவர் 35-க்குள் நெருக்கி வெட்டலாம். அட்டைப் பெட்டியில் இரண்டுக்கும் 43 என்றே போட்டிருக்கும்.

வழக்கமான அளவுகள் இவை. ஸ்டீல் கம்பி அக்கூஸ்டிக்கில் நட் 43 அல்லது 44.5 மி.மீ. அதில் கம்பிகள் பரவியிருப்பது முறையே ஏறக்குறைய 36, 38 மி.மீ. நைலான் கம்பி கிளாசிக்கல் கிட்டாரில் நட் 52, கம்பிப் பரப்பு 43-44. எலெக்ட்ரிக்கில் நட் 42, 43. ஆறு கம்பிக்கு நடுவே ஐந்து இடைவெளிதான், அதனால் ஐந்தால் வகுங்கள். 43 நட்டில் ஒரு கம்பியிலிருந்து அடுத்ததற்கு 7.2 மி.மீ., 44.5 நட்டில் 7.6, கிளாசிக்கலில் 8.7. சாடில் பக்கம் ஸ்டீல் கம்பி கிட்டாருக்கு மொத்தப் பரப்பு 54-லிருந்து 56 வரை, கிளாசிக்கலுக்கு 58-ஐ ஒட்டி.

43-க்கும் 44.5-க்கும் ஒரு இடைவெளிக்கு வரும் வித்தியாசம் வெறும் 0.4 மி.மீ. நகத்தின் கனம்தான். இதற்காகவா ஆட்கள் கிட்டாரையே மாற்றுகிறார்கள் என்று தோன்றும். விரல் நுனி அந்த 0.4-ஐக் கண்டிப்பாக உணரும், ஆனால் நட்டில் இருக்கும் வேறு கோளாறுகள் இதைவிடப் பெரியவை. அங்கேதான் முதலில் தேட வேண்டும்.

அளந்து குறித்துக்கொள்ளுங்கள்

கிட்டாரை மேசையில் ஒரு துண்டு விரித்துப் படுக்க வையுங்கள். நட்டை ஒட்டி, கம்பிகளின் மேல் குறுக்காக ஸ்கேலை வைத்து, நேர் மேலிருந்து போட்டோ எடுங்கள். சாய்த்து எடுத்தால் அளவு பொய் சொல்லும். போட்டோவைப் பெரிதாக்கி ஒவ்வொரு கம்பியின் நடுவும் எந்தக் கோட்டில் விழுகிறது என்று எழுதுங்கள். அதேபோல் சாடில் பக்கம் ஒன்று, 12-ஆம் ஃப்ரெட்டில் ஒன்று. (நெக் என்னும் கழுத்துப் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்தான் ஃப்ரெட், நட்டிலிருந்து எண்ண வேண்டும்.) கம்பிகளின் நடுக்கோட்டைத்தான் அளக்கிறோம், இடையில் இருக்கும் காலியிடத்தை அல்ல.

அண்ணனின் கிட்டாரில் ஆறாவது கம்பியிலிருந்து தொடங்கி எடுத்த அளவு இது: 6.6, 7.4, 6.4, 7.5, 7.1. கூட்டினால் 35. நட்டோ 43. அதாவது இரண்டு ஓரத்திலும் 4, 4 என்று தாராளமாக விட்டுவிட்டு நடுவில் கம்பிகளைப் போட்டு நெருக்கியிருக்கிறார்கள், அதையும் சீராகச் செய்யவில்லை. நாலாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவேதான் இருப்பதிலேயே குறைந்த இடம். சி கார்டு (பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்க விரல்களை வைக்கும் ஒரு வடிவம்) பிடிக்கும்போது அவர் மூன்று வாரமாகச் சொன்ன புகார், "மூணாவது கம்பி மட்டும் பேச மாட்டேங்குது". நாலாவது கம்பியில் இருக்கும் நடுவிரல் அதன்மேல் சாய்ந்துகொண்டிருந்தது. எண்ணைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே, கடன் அடைந்த மாதிரி.

கேப்போ சோதனை

இதற்குத்தான் இந்தக் கட்டுரையில் நிறைய இடம் கொடுக்கப் போகிறேன். காசு செலவில்லாத சோதனை, ஆனால் பலருக்குத் தெரிவதில்லை.

கம்பிகள் அடியை நோக்கி விரிகின்றன அல்லவா? அப்படியென்றால் நட்டை விட்டுத் தள்ளிப் போகப் போக இடைவெளி கூடும். 43 நட், 36 பரப்பு, சாடிலில் 54 உள்ள கிட்டாரை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் ஃப்ரெட், நட்டிலிருந்து கம்பி நீளத்தில் கிட்டத்தட்ட 11 சதவீத தூரத்தில் இருக்கிறது. 36-க்கும் 54-க்கும் உள்ள வித்தியாசமான 18-இல் 11 சதவீதம் 2. ஆகவே இரண்டாம் ஃப்ரெட்டில் கம்பிப் பரப்பு 38. அங்கே ஒரு கேப்போவைக் கடித்துவிட்டால் உங்கள் 43 மி.மீ. கிட்டார், இடைவெளியைப் பொறுத்தவரை 44.5 மி.மீ. கிட்டாராக மாறிவிட்டது. கேப்போ இல்லையா? ஒரு பென்சிலைக் கம்பிகளின் மேல் குறுக்காக வைத்து நெக்கைச் சுற்றி ரப்பர் பேண்டை இறுக்கிச் சுற்றுங்கள். அழகாக இருக்காது, வேலை நடக்கும்.

இப்போது சி கார்டு பிடித்து, ஐந்தாவது கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டிக் கேளுங்கள். கேப்போவை எடுத்துவிட்டு மறுபடி அதே சி. மூன்றில் ஒன்று நடக்கும்.

கேப்போ போட்டதும் அழுத்துவதே சட்டென்று லேசாகிவிட்டது, விரல் வலி பாதியாகிவிட்டது என்றால் உங்கள் தொல்லை இடைவெளி அல்ல, உயரம். நட்டில் காடி ஆழம் போதாமல் கம்பி மேலே தூக்கி நிற்கிறது. கேப்போ அந்த நட்டைக் கணக்கிலிருந்தே விலக்கிவிட்டது, அதனால்தான் சுகம். கம்பி உயரமாக நின்றால் விரல் இன்னும் கடினமாக அழுத்தும், அழுத்த அழுத்த நுனிச் சதை பரந்து பக்கத்துக் கம்பியில் மோதும். பார்ப்பவருக்கு அது இடைவெளிக் குறைவு போலவே தெரியும். என்னிடம் "விரல் தடிமன்" என்று வருபவர்களில் பெரும்பாலோருக்கு இதுதான் நோய்.

அழுத்தம் முன்போலவேதான், ஆனால் செத்துக் கிடந்த கம்பி மட்டும் உயிர் பெற்றுவிட்டது என்றால், அது நிஜமான இடைவெளிப் பிரச்சினை.

எதுவும் மாறவில்லை, கேப்போ போட்டாலும் அதே கம்பி மந்தமாகத்தான் ஒலிக்கிறது என்றால் கோளாறு கையில். அதற்கும் கீழே வழி இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சோதனையை ஏ மேஜர் கார்டை வைத்துச் செய்யாதீர்கள். ஏ-வில் மூன்று விரலும் ஒரே ஃப்ரெட்டுக்குள் அடங்க வேண்டும். 648 மி.மீ. கம்பி நீளமுள்ள கிட்டாரில் இரண்டாம் ஃப்ரெட் கட்டத்தின் நீளம் 34 மி.மீ., கேப்போ போட்ட பிறகு அதே வடிவம் விழும் நாலாம் கட்டத்துக்கு 30.6-தான். குறுக்கில் கூடிய இடத்தை நெடுக்கில் இழந்துவிடுவீர்கள், சோதனை குழம்பிவிடும்.

நட் உயரம்

மூன்றாம் ஃப்ரெட்டில் ஒரு கம்பியை அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் எவ்வளவு வெளிச்சம் தெரிகிறது என்று பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவு இருந்தால் போதும். தட்டினால் லேசாக 'டிக்' என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். வெளிச்சம் நன்றாகத் தெரியும்படி கம்பி தூக்கி நின்றால் உயரம் அதிகம். கம்பி முதல் ஃப்ரெட்டில் ஒட்டியே கிடந்தால் காடி ஏற்கெனவே ஆழமாகிவிட்டது என்று பொருள்.

எண்ணாக வேண்டுமென்றால் தெருமுனை பைக் மெக்கானிக்கிடம் போங்கள். டாப்பெட் வைக்கும் ஃபீலர் கேஜ் (கனம் குறித்த மெல்லிய தகடுகளின் கட்டு) அவரிடம் இருக்கும். கம்பியை அழுத்தாமல் முதல் ஃப்ரெட்டுக்கு மேலே ஆறாவது கம்பியில் 0.5 மி.மீ. தகடும், முதல் கம்பியில் 0.35 தகடும் உரசாமல் நுழைந்தால் ஸ்டீல் கம்பி கிட்டாருக்குச் சரியான நிலை. அண்ணனின் கிட்டாரில் ஆறாவதில் 1.1 நுழைந்தது. முதல் கம்பியில் 0.8. இரட்டிப்பு. கிட்டாரைத் தூக்கிக்கொண்டு டாப்பெட் கேஜ் கேட்டு வந்த எங்கள் இருவரையும் மெக்கானிக் தம்பி பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

12-ஆம் ஃப்ரெட் உயரத்தையும் பார்த்துவிடுங்கள். ஸ்டீல் கம்பிக்கு ஆறாவதில் 2.5, முதல் கம்பியில் 2 மி.மீ. நைலானுக்கு 4, 3. இங்கே கூடுதலாக இருந்தால் அது சாடில் அல்லது நெக் சம்பந்தப்பட்டது. அது தனிக் கதை. நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரத்தைக் குடித்து உப்பி, மேல்பலகை எழும்பி, இந்த எண் தானாகவே ஏறுவதுண்டு. கோடையில் அளந்ததை அடைமழையில் இன்னொரு தடவை அளங்கள்.

தடித்த கம்பி தின்னும் இடம்

நட் வெட்டுவதில் இரண்டு வழக்கம் உண்டு. ஒன்று, கம்பிகளின் நடுக்கோடுகளைச் சம தூரத்தில் வைப்பது. மற்றது, கம்பிகளுக்கு இடையே உள்ள காலியிடத்தைச் சமமாக வைப்பது. 12-லிருந்து 53 வரை (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) உள்ள சாதாரண லைட் கம்பி செட்டில் ஆறாவது கம்பியின் கனம் 1.35 மி.மீ., முதல் கம்பி 0.3-தான். நடுக்கோட்டை மட்டும் சமமாக 7.2-க்கு வைத்தால் ஆறுக்கும் ஐந்துக்கும் நடுவில் உண்மையில் மிஞ்சுவது 6 மி.மீ. இரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவிலோ 6.85. கீழே தாராளம், மேலே நெருக்கடி. கை தெரிந்தவர்கள் காலியிடத்தைச் சமமாக்கித்தான் வெட்டுவார்கள். உங்கள் போட்டோவில் ஆறு-ஐந்து தூரம் மற்றதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தால் அது பிழையல்ல, வேலை தெரிந்தவர் கை பட்டிருக்கிறது என்று சந்தோஷப்படுங்கள்.

ஓரத்தையும் பாருங்கள்

இது என் சொந்தக் கதை. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது எங்கள் வீடு முதுநகரில் இருந்தது. கூரை ஷீட் இரண்டு பறந்துபோய், துணிப் பையில் மாட்டியிருந்த என் கிட்டார் விடிய விடிய நனைந்தது. கரண்ட் வரவே நாளாயிற்று, கிட்டாரை யார் நினைத்தார்கள். பொங்கல் கழிந்து எடுத்துப் பார்த்தால் பிரிட்ஜ் தனியாகக் கையோடு வந்தது.

தெரிந்த தச்சரிடம் கொடுத்தேன். கதவு ஜன்னல் வேலையில் கெட்டிக்காரர். பிசின் தடவிக் கிளாம்ப் போட்டு இறுக்கினார். ஈரப் பிசின் வழுக்கும், இறுக்கும்போது கட்டை நகர்ந்துவிடும் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. பிரிட்ஜ் முதல் கம்பிப் பக்கமாக 4 மி.மீ. நகர்ந்து ஒட்டிக்கொண்டது. அடியில் 4 என்றால் கம்பியின் சரிபாதியான 12-ஆம் ஃப்ரெட்டில் 2. முன்பு அங்கே கடைசிக் கம்பிக்கும் ஃப்ரெட் பலகை ஓரத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் நாலரை இருந்தது. இப்போது முதல் கம்பிப் பக்கம் இரண்டரை, ஆறாவது பக்கம் ஆறரை.

அதற்கப்புறம் முதல் கம்பியைச் சுண்டி இழுத்தால் ஃப்ரெட் விளிம்பிலிருந்து வழுக்கி வெளியே விழும். இரண்டு வருடம் என் சுண்டுவிரலுக்கு வலு இல்லை என்று நினைத்து, பந்தை வாங்கிப் பிசைந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் வேறொருவர் கிட்டாரை வாங்கி வாசித்தபோதுதான் உறைத்தது. ஸ்கேலை வைத்து அளந்தபோது எனக்கு வந்த கோபம் தச்சர் மேலே இல்லை, பந்து பிசைந்த காலத்தின் மேலே.

ஆகவே நட்டிலும் 12-ஆம் ஃப்ரெட்டிலும், கடைசிக் கம்பிகளின் நடுவிலிருந்து பலகை ஓரம் வரை எவ்வளவு இருக்கிறது என்று இரண்டு பக்கமும் அளங்கள். நட்டில் 3 மி.மீ. இருக்க வேண்டும், இரண்டரைக்குக் கீழே போனால் தொல்லை. 12-இல் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். நெக்கை ஸ்க்ரூ போட்டு மாட்டிய எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், கம்பியைத் தளர்த்தி ஸ்க்ரூவையும் அரைச் சுற்று தளர்த்தி நெக்கை மெல்லத் தள்ளிவிட்டு முறுக்கினால் சரியாகிவிடும். பிரிட்ஜே கோணல் என்றால் நீங்கள் கை வைக்க வேண்டாம்.

வீணை கற்றுவிட்டுக் கிட்டாருக்கு வருகிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வீணையில் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் கொடுத்த கை இங்கேயும் முதல் கம்பியைத் தரையை நோக்கி இழுக்கும், கம்பி பலகையை விட்டே இறங்கிவிடும். கிட்டாரில் முதல் கம்பியை மேல்நோக்கி, ஆறாவது கம்பியின் பக்கமாகத் தள்ளுங்கள். அங்கே இடம் நிறைய.

கைக்கு வருவோம்

அளவெல்லாம் சரி, கேப்போ சோதனையிலும் மாற்றமில்லை. அப்படியானால் கண்ணாடி முன் உட்காருங்கள். நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு, தரையில் சம்மணமிட்டு, கம்பி தெரிய வேண்டுமென்று கிட்டாரை மல்லாத்திக்கொண்டு வாசிப்பது. முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி கிட்டார் நம்மைப் பார்க்கும். அப்போது மணிக்கட்டு மடங்கும், விரல் நிற்காமல் படுக்கும், 8.7 மி.மீ. இடைவெளி இருந்தாலும் பக்கத்துக் கம்பி சாகும். கையில்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கிட்டாரை நெட்டாக நிறுத்தி, தலைப் பக்கத்தைத் தோள் உயரத்துக்குத் தூக்குங்கள். கட்டைவிரல் நெக்கின் பின்னால், நடுவிரலுக்கு நேரே. இடது கை நகத்தை ஒட்ட வெட்டுங்கள். நகம் முந்தினால் விரல் நிற்கவே நிற்காது.

அப்புறம், கடற்காற்று. தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் ஒரு பையனின் கம்பிகளில் ஒன்றரை மாதத்தில் துரு ஏறிவிடும். துருப்பிடித்த கம்பியில் விரல் சறுக்காது, அடுத்த கார்டுக்கு மாறும்போது தடுமாறும், பழி இடைவெளி மேல் விழும். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடையுங்கள்.

வலது கை

பிக் (சின்ன பிளாஸ்டிக் வில்லை) வைத்துக் கம்பிகளை மொத்தமாக வருடி ஸ்ட்ரம் மட்டும் செய்கிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். இளையராஜா பாட்டுகளின் ஆரம்பத்தில் வரும் விரல் வாசிப்புக்காகவே கிட்டார் எடுத்தவர்களுக்குத்தான் இது. விரலால் மீட்டும்போது நகம் பக்கத்துக் கம்பியில் தட்டுகிறது என்றால் சாடில் பக்கப் பரப்பை அளங்கள். 54 என்றால் ஒரு இடைவெளி 10.8. 50 என்றால் 10. அந்த 0.8 விரலுக்கு நன்றாகவே தெரியும். கையை ஒலித்துளையிலிருந்து பிரிட்ஜ் பக்கம் நகர்த்தினால் கொஞ்சம் இடம் கிடைக்கும், ஆனால் ஒலி கறாராகிவிடும். எனக்கு அந்த ஒலி பிடிக்காது.

புதிதாக வாங்கப் போகிறீர்களா?

கடலூர்க்காரர்களுக்கு முக்கால் மணி, ஒரு மணி நேர பஸ்ஸில் புதுச்சேரி. கிட்டாரோடு அந்த பஸ்ஸில் நின்றுகொண்டு திரும்பி வருவது தனிக்கலை, கெட்டி உறை இல்லாமல் முயலாதீர்கள். போகும்போது ஸ்கேலைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கடையில் ஸ்கேலை எடுக்கக் கூச்சப்பட வேண்டாம், பட்டுப்புடவைக்கு ஜரிகையை உரசிப் பார்க்கவில்லையா? 43, 52 என்று இரண்டு நட்டிலும் ஒரே சி கார்டைப் பிடித்துப் பாருங்கள். யமஹாவின் எஃப்310-இல் நட் 43, அதே நிறுவனத்தின் சி40 கிளாசிக்கலில் 52. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இவ்வளவு நேரம் நான் எழுதியதெல்லாம் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்.

தடித்த விரல்காரர் உடனே 52-க்குத் தாவ வேண்டாம். அகலமான நெக்கில் விரல் நிற்க இடம் உண்டு, ஆனால் ஆறாவது கம்பிக்கு எட்ட வேண்டும், எஃப் மாதிரி பாரே கார்டில் ஒரே விரல் 44 மி.மீ.யை அழுத்த வேண்டும். கட்டைவிரலை மேலே சுற்றிப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் அதுவும் போச்சு. விரல் வாசிப்புக்காரருக்கு 44.5 நட், விலை கொஞ்சம் ஏறினாலும், என் கணக்கில் நடுவாந்தரமான நல்ல தேர்வு. கார்டு அடித்துப் பாடுகிறவர்கள், சர்ச் கொயரில் வாசிக்கிறவர்கள் 43-லேயே இருக்கலாம். ஆறேழு வயதுப் பிள்ளைக்கு "நைலான் மெத்தென்று இருக்கும்" என்று முழு அளவு கிளாசிக்கலை வாங்கிக் கொடுக்கிறார்கள். கம்பி மெத்தென்றுதான் இருக்கிறது, பிள்ளையின் கைதான் நெக்கைச் சுற்றி வருவதில்லை. பிள்ளைகளுக்கென்று நெக்கும் கம்பி நீளமும் குறைத்துச் செய்த சின்ன அளவு கிட்டாராகக் கேளுங்கள்.

குறுகலான நட் என்றால் மட்டச் சரக்கு என்றும் நினைத்துவிடாதீர்கள். கிப்சன் நிறுவனமே 1965 வாக்கில் தன் கிட்டார்கள் பலவற்றின் நட்டை 40 மி.மீ.க்கும் குறைவாகச் சுருக்கியது. சின்னக் கைகளுக்கு அது வசதி, பலருக்கு அது பிடிக்கவுமில்லை. புதுச்சேரியில் ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் எப்போதாவது பழைய கிட்டார் கண்ணில் பட்டால் முதலில் நட்டை அளங்கள், பிறகு விலையைக் கேளுங்கள்.

வாங்குகிற அவசரம் இல்லையென்றால் ஜூன் 21 வரை பொறுங்கள். பிரான்சில் 1982-இல் தொடங்கிய இசைத் திருநாளைப் புதுச்சேரியிலும் கொண்டாடுகிறார்கள். வாசித்து முடித்துக் கீழே இறங்குகிறவரிடம் "ஒரு நிமிஷம் பிடிச்சுப் பாக்கலாமா அண்ணா?" என்று கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். விதவிதமான நெக் கையில் கிடைக்கும்.

நட்டை மாற்றுவது

காடி உயரம் மட்டும் பிரச்சினை என்றால் பழைய நட்டையே அராவிக்கொள்ளலாம். இடைவெளியை மாற்ற வேண்டுமென்றால் புது நட்தான். எலும்பில் செய்த வெற்றுத் துண்டு ஆன்லைனில் கிடைக்கும், நட் அகலத்தையும் கனத்தையும் பார்த்து வாங்குங்கள். விலை உயர்ந்த கிட்டார் என்றால் கிட்டார் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து, "கம்பிப் பரப்பு 37 வேண்டும், காலியிடம் சமமாக இருக்கட்டும்" என்று எண்ணோடு சொல்லுங்கள். "கொஞ்சம் அகலமா" என்று மட்டும் சொன்னால் அவர் மனசிலுள்ள கொஞ்சம்தான் வரும்.

அண்ணன் என்னைத் தொடவே விடவில்லை, தானே செய்தார். 43 நட்டில் ஓரத்துக்கு மும்மூன்று விட்டு 37 பரப்பு. அதில் கம்பிகளின் கனம் 3.7 போக மிச்சத்தை ஐந்தால் வகுத்தால் ஒவ்வொரு காலியிடமும் 6.66 மி.மீ. பென்சிலால் குறித்து, கம்பி போட்டு, கையால் தொட்டுப் பார்த்து, அப்புறம்தான் வெட்டினார். நட் வெட்டும் அரத்துக்கு விலை அதிகம் என்று, கேஸ் வெல்டிங் நாசில் அடைப்பெடுக்கும் கம்பிச் செட்டை எடுத்துக்கொண்டார். பல கனத்தில் சொரசொரப்பான கம்பிகள், ஹார்டுவேர் கடையில் சல்லிசு. காடியின் மேடு ஃப்ரெட் பக்கத்தில் இருக்கும்படி, தலைப் பக்கம் சரிவாக அராவ வேண்டும். இரண்டு இழுப்பு, கம்பியைப் போட்டு ட்யூன், மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்திப் பார்ப்பது, மறுபடி இரண்டு இழுப்பு. அவசரப்பட்டால் இந்த இடத்தில்தான் கெடும்.

ஆறாவது கம்பியில் கெட்டது. ஒரு இழுப்பு கூடிப்போய்க் கம்பி முதல் ஃப்ரெட்டில் உரசிக் கிர்ரென்றது. அப்படி ஆனால் நட்டைத் தூக்கிப் போட வேண்டாம். நட்டைச் சுற்றிப் பலகையில் டேப் ஒட்டிவிட்டு, காடியில் ஆப்ப சோடாவைச் சிட்டிகை தூவி, உடனடிப் பசையை (சூப்பர் க்ளூ) ஒரு சொட்டு விடுங்கள். நொடியில் கல்லாகும், புகையை முகர வேண்டாம். கால் மணி நேரம் விட்டு மறுபடி அராவலாம். ஆனால் அந்த ஒட்டு எலும்பு அளவுக்கு உழைக்காது, ஆறேழு மாதம் கழித்து ஃபீலர் கேஜை இன்னொரு தடவை நுழைத்துப் பார்த்துவிடுங்கள்.